ஒரே ஒரு தோட்டா போதுமா? அமெரிக்காவில் சிங்கிள் ஷாட் வேட்டை ரைஃபிள் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

நவம்பர் வந்தால் அமெரிக்க அலுவலகங்களில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பீர்கள். மிச்சிகனில் நவம்பர் 15 மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமையில் ஒன்பது நாள் வேட்டை தொடங்கும். பென்சில்வேனியாவின் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர், "இந்த வருஷம் நீயும் வாயேன்" என்று கூப்பிடுவார். நீங்களும் "சரி, போய்த்தான் பார்ப்போமே" என்பீர்கள். அடுத்த வாரம் துப்பாக்கிக் கடையில் நிற்கும்போது, கடைக்காரர் மேகசினே இல்லாத ஒரு ரைஃபிளை எடுத்துக் காட்டுவார். "புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் பெஸ்ட்."

ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுச் சுடும் அந்த ரைஃபிள் உண்மையிலேயே நல்லதா? நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைவிட முக்கியம், விசாவில் இருக்கும் நீங்கள் அதைக் கையில் எடுக்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிங்கிள் ஷாட் ரைஃபிள் என்றால் என்ன?

சாதாரண வேட்டை ரைஃபிளில் மூன்று முதல் ஐந்து தோட்டாக்கள் வரை உள்ளே இருக்கும். முதல் குறி தப்பினால் போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்ததைச் சுடலாம். சிங்கிள் ஷாட்டில் அந்த வசதி கிடையாது. துப்பாக்கியைத் திறந்து, ஒரு தோட்டாவைக் கையால் வைத்து, மூடி, சுட வேண்டும். மறுபடி சுட வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான்.

"இந்தக் காலத்துல இது எதுக்கு?" என்று தோன்றலாம். காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பாதுகாப்பு. திறந்து பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். மேகசினில் ஒன்று மறந்து மாட்டிக்கொண்டிருக்குமோ என்ற பயம் இல்லை. இரண்டு, அளவு. போல்ட் முன்னும் பின்னும் நகர இடம் தேவையில்லை என்பதால், அதே நீளப் பேரல் இருந்தாலும் மொத்தத் துப்பாக்கி சுமார் 10 செ.மீ. குட்டையாக இருக்கும். புதருக்குள் நடக்கவும் மரத்தில் கட்டிய மேடையில் உட்காரவும் வசதி. மூன்று, பெரும்பாலான சிங்கிள் ஷாட்கள் இடது கைக்காரருக்கும் வலது கைக்காரருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

நான்காவது காரணத்தைத்தான் அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் முதலில் சொல்வார்கள். இரண்டாவது வாய்ப்பு இல்லை என்று தெரிந்தால், முதல் வாய்ப்பை அவசரத்தில் வீணாக்க மாட்டோம். மான் தூரத்தில் இருந்தால், பக்கவாட்டில் தெளிவாக நிற்காவிட்டால், நடுவில் கிளை இருந்தால், சுடாமல் விட்டுவிடுவோம். காயத்தோடு ஓடிப்போன மிருகம் இரவெல்லாம் காட்டில் கிடந்து சாவதைவிட, வெறும் கையோடு வீடு திரும்புவது மேல். இந்த ரைஃபிளின் மொத்த நியாயமும் இதுதான். அதனால் இதன் தரத்தை அளக்கவும் ஒரே அளவுகோல் போதும்: முதல் தோட்டா, ஒவ்வொரு முறையும், நீங்கள் பார்த்த இடத்துக்கே போகிறதா?

விசாவில் இருப்பவர் வாங்கலாமா?

ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலாவது, தேதி. வேட்டை உரிமங்கள் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கானவை. உரிமம் முடிந்த பிறகும் துப்பாக்கி அலமாரியில் இருந்தால், விதிவிலக்கு போய்விட்டது, துப்பாக்கி மட்டும் இருக்கிறது. இந்தச் சட்டத்தை மீறினால் அதிகபட்சமாக 15 ஆண்டு சிறை. ஆயுதக் குற்றத்துக்காக நாட்டைவிட்டு வெளியேற்றவும் குடியேற்றச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே, காரின் இன்ஷூரன்ஸைவிடக் கவனமாக இந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் இருப்பவர்கள். உங்களிடம் உரிமம் இருக்கலாம், எச்-4-இல் இருக்கும் மனைவியிடமோ கணவரிடமோ இல்லாமல் இருக்கலாம். ரூம்மேட்டுக்கும் இதே கதைதான். பூட்டிய பெட்டி, சாவி உங்களிடம் மட்டும். குழந்தை இருக்கும் வீடென்றால் இது சட்டத்துக்காக மட்டும் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, "நான் சிட்டிசன்தானே, என் பேர்ல வாங்கித் தர்றேன்" என்று நண்பர் சொல்வது. கடையில் நிரப்பும் கூட்டாட்சிப் படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். நண்பரும் மாட்டுவார்.

முறையாகப் போனால் வழி நேரானதுதான். வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பில் தேர்ச்சி, அதன் பிறகு வேட்டை உரிமம், பிறகு உரிமம் பெற்ற கடை, அங்கே படிவம், எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை. கூட்டாட்சிச் சட்டப்படி கடையில் ரைஃபிள் வாங்கக் குறைந்தபட்ச வயது 18. இல்லினாய், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் இதற்கு மேல் தனி அடையாள அட்டையும் கேட்பார்கள். விசா நிலைமை கொஞ்சம் சிக்கலாக இருந்தால், கடைக்காரர் சொல்வதை நம்பி இறங்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

முக்கியமாக இரண்டு குடும்பங்கள்.

ஒன்று, மடித்துத் திறக்கும் வகை. நடுவில் கீல் வைத்ததுபோலப் பேரல் கீழே மடங்கும். அமைப்பு எளிமை, விலை குறைவு. ஹென்றி சிங்கிள் ஷாட், சிவிஏ ஸ்கவுட் போன்றவை சில நூறு டாலருக்குக் கிடைக்கும். பல அமெரிக்கக் குழந்தைகளின் முதல் ரைஃபிளாக இருந்த எச்&ஆர் ஹேண்டி ரைஃபிளின் தயாரிப்பு 2015-இல் நின்றுவிட்டது, ஆனால் பழையது இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இதே குடும்பத்தின் பணக்காரச் சொந்தங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையில் ஏறி வேட்டையாடுபவர்களுக்காக ஜெர்மனியில் செய்யப்படும் பிளேசர் கே95, மெர்க்கெல் போன்றவை எடை மிகக் குறைவு, விலை பல ஆயிரம் டாலர். பிளேசரில் சுடுவதற்குச் சற்று முன்புதான் கட்டைவிரலால் ஸ்பிரிங்கை ஏற்றுவீர்கள். அதுவரை தோட்டா உள்ளே இருந்தாலும் துப்பாக்கி தூங்கிக்கொண்டுதான் இருக்கும். வழுக்கும் பாறையில் நடப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டாவது, கட்டை இறங்கும் வகை. கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால், பேரலின் பின்வாயை அடைத்திருக்கும் ஓர் இரும்புக் கட்டை செங்குத்தாகக் கீழே இறங்கி வழிவிடும். இது மிக உறுதியான அமைப்பு. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்க்கர்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இதில் புகழ்பெற்றது. அதைப் பார்த்து ஊக்கம் பெற்றுத்தான் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1960-களில் ரூகர் நம்பர் 1-ஐக் கொண்டுவந்தது. இன்னொரு பெரிய பெயர் வின்செஸ்டர் 1885. இருபதுகளில் இருந்த ஜான் பிரௌனிங் 1879-இல் காப்புரிமை பெற்ற முதல் வடிவமைப்பு அது. வின்செஸ்டர் உரிமையை வாங்கி 1885-இல் விற்பனைக்கு விட்டது. அதன் மறுவடிவங்கள் ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அழகும் உறுதியும் உண்டு, விலையும் அதற்கேற்ப ஆயிரத்தைத் தாண்டும்.

விலை கூடினால் மரமும் பாலிஷும் மாறுவது நிச்சயம். குறி கூடுமா என்பது நிச்சயம் இல்லை. நல்ல பேரல் கொண்ட மலிவான மடிப்பு ரைஃபிள், மோசமாகப் பொருத்தப்பட்ட விலை உயர்ந்த ரைஃபிளை எளிதாகத் தோற்கடிக்கும். அதனால் பிராண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கடையில் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது?

துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் நீங்களே திறந்து பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் பரவாயில்லை, நீங்களும் பாருங்கள். பிறகு:

*பூட்டு.* மடிப்பு வகையில் பேரலும் உடலும் சேரும் இடம்தான் உயிர். மூடிய நிலையில் பேரலைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் லேசாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சமும் ஆட்டம் இருக்கக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி பளிச்சென்று தெரியக்கூடாது. மூடும்போது "டக்" என்று ஒரே சத்தத்தில் அமர வேண்டும். ஒவ்வொரு முறையும் பேரல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு முறையும் தோட்டா அதே இடத்துக்குப் போகும்.

*பேரலின் நுனி.* தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. நுனியின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளமோ கீறலோ இருந்தாலும் குறி ஒரு பக்கமாக இழுக்கும்.

*ட்ரிகர்.* காலித் துப்பாக்கியில், கடைக்காரரின் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். மெல்லிய கண்ணாடிக் குச்சி முறிவதுபோலச் சட்டென்று விடுபட வேண்டும். இழுக்க இழுக்க மணலில் தேய்வதுபோல நகர்ந்தால், கடைசி நொடியில் உங்கள் குறி நகர்ந்துவிடும். ஒன்றரை கிலோவுக்குச் சற்று முன்பின்னான இழுவிசை வேட்டைக்குப் பொதுவாகச் சரியாக இருக்கும். ரொம்ப லேசாக இருந்தால் குளிரில் மரத்த விரலுக்கு ஆபத்து.

*பொருத்தம்.* நம்மில் பலர் கோட்டைவிடும் இடம் இது. சாதாரண ஸ்டாக்கில் ட்ரிகரிலிருந்து தோள் வரை சுமார் 34 முதல் 35 செ.மீ. இருக்கும். சராசரி அமெரிக்க ஆணின் கையை மனதில் வைத்த அளவு அது. உங்கள் உயரம் ஐந்தரை அடிக்குக் கீழே என்றால், கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடு நேராகத் தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி. இல்லாவிட்டால் சின்ன அளவு ஸ்டாக் கேளுங்கள். குளிர்கால ஜாக்கெட்டோடு போய்ப் பார்ப்பது நல்லது, வேட்டை நடப்பதும் ஜாக்கெட்டோடுதானே.

*ஹேமர்.* பல மடிப்பு ரைஃபிள்களில் ஹேமர் வெளியே இருக்கும், கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். மேலே ஸ்கோப் மாட்டினால் விரலுக்கு இடம் போதாது. பக்கவாட்டில் நீளும் ஒரு சின்ன இணைப்பு விற்கிறார்கள், அதை மாட்டிக்கொள்ளுங்கள். கையுறை போட்ட விரல் வழுக்கி ஹேமர் தவறி விழுவதுதான் இந்த வகையில் நாம் பயப்பட வேண்டிய விபத்து.

எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது?

"பெருசா இருந்தா நல்லதுதானே?" இல்லீங்க. சிங்கிள் ஷாட்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை. எடை குறைந்த துப்பாக்கியில் பெரிய தோட்டாவைச் சுட்டால் தோளில் உதை பலமாக விழும். நாலு தடவை உதை வாங்கினால் உடம்பு தானாகவே பயப்படும், ட்ரிகரை இழுக்கும்போது கண் மூடிக்கொள்ளும், குறி தப்பும். வெள்ளை வால் மானுக்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் போன்ற மிதமான தோட்டாக்களே போதும். .308 என்றால் கொஞ்சம் எடையுள்ள ரைஃபிளாகப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. .30-30, .45-70 போன்ற பழைய தோட்டாக்களின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு இருக்கும். மடிப்பு ரைஃபிளில் சுட்ட கூட்டை வெளியே தள்ள அந்த விளிம்பு நல்ல பிடிமானம். .308 போன்றவற்றில் விளிம்பு கிடையாது, ஒரு சின்ன ஸ்பிரிங் கொக்கிதான் பிடித்து இழுக்க வேண்டும். கூடு உள்ளே இறுகிவிட்டால் கொக்கி நழுவலாம். அதனால்தான் ஐரோப்பியர்கள் மடிப்பு ரைஃபிளுக்கென்றே 7×57ஆர், 7×65ஆர் என விளிம்பு வைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்கிறார்கள். விளிம்பில்லாததை வாங்குகிறீர்கள் என்றால், கூடு வெளியே வருகிறதா என்று ரேஞ்சில் பலமுறை சோதித்துவிடுங்கள்.

மாநிலத்தின் விதியையும் மறக்க வேண்டாம். ஒஹையோ போன்ற மாநிலங்களில் மான் வேட்டை ரைஃபிளுக்கு நேர்ச்சுவர் கொண்ட தோட்டாக்களைத்தான் அனுமதிக்கிறார்கள். தட்டையான, வீடுகள் நிறைந்த நிலத்தில் தோட்டா வெகுதூரம் போகக்கூடாது என்பது காரணம். அங்கே .308 வாங்கினால் சுவரில்தான் மாட்டி வைக்க வேண்டும்.

வாங்கியாச்சு. நல்லதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

வழக்கமான சோதனை, 100 கெஜ தூரத்தில் மூன்று தோட்டா சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பது. ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் மான் வேட்டைக்குத் தாராளம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 செ.மீ. அகலம்.

ஆனால் காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த பேரலிலிருந்து வரும் முதல் தோட்டாவை. ஆகவே இப்படிச் சோதியுங்கள்: ஒரே அட்டையை வைத்துக்கொண்டு, ஐந்து வெவ்வேறு நாட்களில், நாளுக்கு ஒரே ஒரு தோட்டா. ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால், உங்களிடம் இருப்பது நல்ல ரைஃபிள். அதைச் சுடத் தெரிந்த ஆளும் நீங்கள்தான்.

சிதறினால் உடனே ரைஃபிளைத் திட்ட வேண்டாம். இந்த வகை ரைஃபிள்களில் முன்பக்க மரக்கட்டை பேரலை அழுத்தும் விதம் குறியை மாற்றிவிடும். ரூகர் நம்பர் 1 இந்த விஷயத்தில் கொஞ்சம் முரண்டு பிடிப்பதாகப் பெயர் பெற்றது. முன்கட்டையின் நுனியைக் கடினமான பலகையில் வைக்காமல், மென்மையான பையின் மேல், உடலுக்கு அருகில் தாங்கலைக் கொடுத்து மறுபடி சுட்டுப் பாருங்கள். ஸ்கோப்பின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய துப்பாக்கி என்றால் ஒரு எச்சரிக்கை. எச்&ஆர் போன்ற பழைய மடிப்புத் துப்பாக்கிகளின் பேரல்கள் தனியாக விற்பனைக்குக் கிடைக்கும். ஷாட்கன்னுக்குச் செய்த உடல் வேறு, ரைஃபிளின் அழுத்தத்தைத் தாங்கும் உடல் வேறு. "ரெண்டும் மாட்டுதே" என்று மாட்டிச் சுடக்கூடாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, தோட்டா உட்காரும் அறையின் இடைவெளியை அளந்த பிறகே முதல் தோட்டாவைப் போடுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவரலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்கான விதிவிலக்குகள் மிகக் குறுகியவை, முக்கியமாக அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கானவை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை முற்றிலும் தடை செய்கிறது. துப்பாக்கி உரிமம் இருந்தாலும் வேட்டை குற்றம்தான்.

துப்பாக்கியை யாரும் சூட்கேஸில் வைக்கப்போவதில்லை. ஆனால் ரேஞ்சுக்கு எடுத்துப்போன அதே முதுகுப்பையை ஊருக்கும் எடுத்துவருவோம். அடியில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தால்கூட விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றம் பிற்பாடு பார்க்கும், அதற்குள் விமானமும் விசா தேதியும் போயிருக்கும். ரேஞ்சுக்கு என்று தனிப் பை வைத்துக்கொள்வதுதான் சுலபமான வழி.

ஊரிலேயே இருந்துகொண்டு இந்தக் கலையைப் பழக வேண்டும் என்றால் ரைஃபிள் கிளப்களில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இருக்கிறது. அதுவும் சிங்கிள் ஷாட்தான், ஒவ்வொரு குண்டையும் கையால் வைத்துச் சுட வேண்டும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில். 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிளும் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான்.

அமெரிக்காவில் வாங்குவதாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் பயிற்சி வகுப்பு, அடுத்து உரிமம், பிறகு நண்பரின் ரைஃபிளில் அவர் முன்னிலையில் ரேஞ்சில் சில நாள் பழக்கம், கடைசியாகக் கடை. பட்ஜெட்டில் ஒரு பகுதியைத் தோட்டாக்களுக்காக ஒதுக்குங்கள். பருவம் தொடங்குவதற்கு முன் அந்த ஐந்து துளைகளும் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை என்றால், இந்த வருஷம் நண்பரோடு துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குப் போய் வாருங்கள். மான் அடுத்த நவம்பரிலும் வரும்.